அந்தப் பத்து நொடி என் தப்பு என்றவர்

திங்கட்கிழமை காலையில் ஒரு டம்ளர் பால் கூடுதலாகவே காய்ச்சி வைத்திருந்தேன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த இசக்கிமுத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும்போது, "திங்கக்கெழம வெள்ளன வந்துருவேன் ஆச்சி, காப்பி மட்டும் போட்டு வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பால் ஏடு கட்டிவிட்டது. எடுத்து மறுபடி சுட வைத்தேன். அந்த நேரத்தில், கம்பெனிக்குக் காலை ஷிஃப்டுக்குப் போன என் பேத்தி ரேவதி யூனிஃபார்மோடு திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"இன்னாடி, லைன் நின்னுபோச்சா?" என்றேன்.

"ஆயா..." என்றாள். "இசக்கி சாரு, ஊர்ல, நேத்து மத்தியானம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..."

நான் போய் அடுப்பை அணைத்தேன். அதைத்தான் செய்யத் தோன்றியது.

அவருக்கு நாற்பத்தாறு வயது. ஊர் திருநெல்வேலிக்கும் அந்தப் பக்கம். நாங்கள் பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிடுவார்கள் என்றார்கள். முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. மறுநாள் அவர் மனைவி போன் செய்தார். பதினாறாம் நாளுக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம், கூட வேலை செய்தவர்கள் எல்லாம் எழுதுகிறார்களாம். "எங்களோட இருந்தத விட உங்க வீட்லதான அதிகமா இருந்தாவ, நீங்களும் எழுதுங்க ஆச்சி" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் தெரிந்ததை எழுதுகிறேன். நேரில் அவரை வா, போ என்றுதான் பேசினேன். எழுத்தில் அப்படி எழுதக் கை வரவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் வல்லம் வடகாலுக்கு அவர் வந்தபோது கையில் ஒரு பை, ஒரு லேப்டாப், ஒரு பிளாஸ்டிக் வாளி. பேரைக் கேட்டேன். சொன்னார்.

"இன்னா பேருபா இது, வாயிலயே நொழையல?"

"எங்க ஊர்ல தெருவுக்கு நாலு இசக்கி இருக்கோம் ஆச்சி. கூப்பிட்டா நாலு பேரும் திரும்புவோம்."

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். அவர் முதல் நாளே ஆச்சி என்றார். எனக்கும் அது பிடித்துப்போயிற்று. வண்டிகளுக்கு முன்விளக்கு செய்கிற தொழிற்சாலையில் அவருக்குக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. ரேவதிக்கும் அதே தொழிற்சாலைதான். அவள் லைனில், கான்ட்ராக்ட் ஆள்.

நல்ல மனிதர், ஆனால் ஒரு குறை இருந்தது. சொல்லாமல் போய்விடுவார். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, படி இறங்கி, கேட்டைத் திறந்து, போயே போய்விடுவார். ஒருநாள் மேல்தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு அப்படியே கம்பெனிக்குப் போய்விட்டார். தொட்டி வழிந்து, மொட்டை மாடியில் நான் காய வைத்திருந்த மிளகாய் எல்லாம் மிதந்தது. சாயங்காலம் கேட்டிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, வூட்ட வுட்டுக் கெளம்பற மனுசன் ஒரு வார்த்த சொல்லிக்கினு போவணும். மோட்டார நிறுத்தணுமா, கேட்ட பூட்டணுமா, உனுக்கு சோறு வைக்கணுமா வேணாமா, எனுக்கு எப்டித் தெரியும்?"

"தப்புதான் ஆச்சி. நாளையிலருந்து போறேன்னு சொல்லுதேன்."

"போறேன்னு சொல்லாத. போயிட்டு வரேன்னு சொல்லு."

அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். "எங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவோம் ஆச்சி. இங்க வந்து சொல்ல ஆளு இல்லாம மறந்துபோச்சு" என்றார்.

மறுநாளிலிருந்து படியடியில் நின்று கணக்காக ஒப்பிப்பார். "மோட்டார நிறுத்திட்டேன். கொடியில துணிய எடுத்துட்டேன். போயிட்டு வாரேன் ஆச்சி." ஒருநாள் தவறியதில்லை. ரேவதி கேலி செய்வாள்: "ஆயா, இவரு ஆபீஸ்ல பெரிய ஆளாம். உன்னாண்ட வந்து அட்டெண்டன்ஸ் குடுக்குறாரு பாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே உனக்கு என்னதான் வேலை என்று கேட்டேன்.

"கன்டெய்னர் வேல ஆச்சி."

"ஒரகடம் ரோட்ல வரிசையா நிக்குதே, அந்த லாரியா? உன் ஒடம்புக்கு அதெல்லாம் ஆவாதேபா."

சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஓடுகிற ப்ரோக்ராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் அதற்குக் கன்டெய்னர் என்று பேராம். எந்த மிஷினில் கொண்டு இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடுமாம். திறந்ததும் முதலில் எது கிளம்ப வேண்டும் என்று கட்டளை எழுதி வைப்பதும் அவர் வேலைதானாம். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து அந்தக் கட்டளை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

ரேவதியைப் பற்றிச் சொல்லாமல் இது நகராது. சொன்னால் பேத்தி பெருமை பேசுகிறேன் என்பீர்கள். பேசுகிறேன்தான். பன்னிரண்டாவது முடித்த கையோடு வேலைக்குப் போனவள். லைனில் கடைசி மேஜை அவளுடையது. செய்து முடித்த விளக்கு ஒவ்வொன்றையும் ஸ்கேனரில் காட்டுவாள். கீக் என்று சத்தம் வரும், பச்சை விளக்கு எரியும். அவள் காட்டிய விளக்கின் நம்பர் ப்ரோக்ராமில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் அது பெட்டிக்குள் போகலாம். நம்பர் ஏறாத விளக்கு வெளியே போனால், வாங்குகிறவர்கள் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

அப்படித்தான் திரும்பி வந்தது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. தேடிப் பார்த்ததில் எல்லாமே காலை ஷிஃப்ட் முடிகிற இரண்டு மணிக்குச் சற்று முன்னால் வந்த விளக்குகள். மூன்று முறையும் மேஜையில் ரேவதி. அதே மேஜையில் அடுத்த வாரம் நிற்கிற பெண்ணுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: "கடைசி அஞ்சு நிமிசம் பஸ்ஸப் புடிக்க ஓட வேண்டியது. ஸ்கேன் பண்ணாம பெட்டில தள்ள வேண்டியது. அப்டித்தான?" திங்கட்கிழமை வந்து ஐடி கார்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

வேலை போவது ஒரு பக்கம். ஏமாற்றுகிறவள் என்ற பேரோடு போனால் இந்தப் பக்கத்தில் வேறு கம்பெனியில் எடுக்க மாட்டார்கள். ஒரே கான்ட்ராக்டர்தான் நாலு கம்பெனிக்கு ஆள் அனுப்புகிறார்.

நானும் ஒரு தப்பு செய்தேன். இங்கே எழுதிவிடுகிறேன். அவள் அழுதுகொண்டு வந்தபோது, "பஸ்ஸு போனா போவுது, ஷேர் ஆட்டோ புடிச்சி வர வேண்டிதான? ஒழுங்கா செஞ்சிருக்கக் கூடாதா?" என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயுமா ஆயா?" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் இசக்கிமுத்து மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ரேவதி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வாளியோடு இறங்கி வந்தவர், "என்ன ரேவதி, மொகம் வீங்கிக் கெடக்கு?" என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் சின்ன டைரியை எடுத்துக் காட்டினாள். எந்த நாளில் என்ன வேலை என்று எழுதி வைக்கிற பழக்கம் அவளுக்குப் பள்ளியிலிருந்தே உண்டு.

"சார், மூணு தடவயும் வியாழக்கெழம. வியாழன் வுட்டு வியாழன். எனுக்கு பச்ச லைட்டு எரிஞ்சுது, சத்தம் வந்துச்சு, சத்தியமா. ஆனா அந்த நாள்ல மட்டும் நான் மேஜய வுட்டுக் கெளம்பும்போது ஸ்க்ரீன் ஒரு தபா கருப்பாவும். கொஞ்ச நேரம் கழிச்சி வரும்."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். கையிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

"வியாழன் விட்டு வியாழனா?"

"ஆமா சார்."

"அது நாங்க புது ப்ரோக்ராம் ஏத்துற நாளு. ஷிஃப்ட் மாறும்போது லைன் ரெண்டு நிமிசம் சும்மா கெடக்கும், அப்பதான் பழச நிறுத்திட்டுப் புதுச ஏத்துவோம்" என்றார். பிறகு மெதுவாக, தனக்கே சொல்வது போல, "பத்து நொடி" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை எடுத்து வந்து எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்தார். நான் சோறு போட்டுக் கொண்டுவந்தேன். தொடவில்லை. நாலு முறை எதையோ ஓட்டினார், நாலு முறை நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் வாய்விட்டு ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினார். நாலாவது முறை முடிந்ததும் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இன்னா தம்பி?" என்றேன்.

"ரேவதி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிருக்கா ஆச்சி. எழுதாம விட்டது நான்."

எனக்கும் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னேன். சொன்னார். ரேவதி காட்டுகிற நம்பரை ப்ரோக்ராம் உடனே ஏட்டில் எழுதாதாம். இருபது சேரட்டும் என்று கையில் வைத்திருந்து மொத்தமாக எழுதுமாம். அதை நிறுத்த வேண்டுமானால் மிஷின் முதலில் மரியாதையாக ஒரு சேதி அனுப்பும்: கையில் இருப்பதை முடித்துக்கொண்டு நில் என்று. பத்து நொடி பார்க்கும். நிற்கவில்லையானால் கேட்காமல் வெட்டிவிடும். கையில் இருந்ததெல்லாம் அதோடு போயிற்று.

"அப்ப அது ஏன் நிக்கல? சேதி வந்துச்சில்ல?"

"சேதி ப்ரோக்ராமுக்குப் போகவே இல்ல ஆச்சி. கன்டெய்னருக்குள்ள மொதல்ல கெளம்புறது எதோ, அதுக்கு ஒண்ணாம் நம்பர். சேதி அந்த ஒண்ணாம் நம்பருக்குத்தான் வரும். கெளப்புற கட்டளைக்கு நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வச்சேன். ரெண்டே வரி. மொத வரி எடத்த ஒழுங்கு பண்ணும், ரெண்டாவது வரி ப்ரோக்ராமக் கெளப்பும். கெளப்பிட்டு அந்த ஸ்கிரிப்ட் எந்திரிச்சு எடத்த விட்டிருக்கணும். விடல. ஒண்ணாம் நம்பரா அதுவே உக்காந்துட்டுது. சேதி அதுக்கு வருது. அது காதுலயும் வாங்கல்ல, உள்ளயும் சொல்லல்ல."

"வாசல்ல குந்திக்கினு இருக்கறவன் உள்ள சொல்லலன்னா, உள்ள கீறவனுக்கு இன்னா தெரியும்?"

"அதேதான் ஆச்சி. ரெண்டாவது வரிக்கு முன்னால 'எக்ஸெக்'னு ஒரே ஒரு சொல்லு போட்டிருந்தா, ஸ்கிரிப்ட் எந்திரிச்சு அந்த எடத்துல ப்ரோக்ராமே உக்காந்திருக்கும். சேதியும் நேரா அதுக்கே போயிருக்கும். என் மேசையில ஓட்டிப் பாத்தப்ப நல்லாத்தான் நின்னுது. அங்க நான் நிறுத்துற சாவிய அழுத்துனா ஸ்கிரிப்ட், ப்ரோக்ராம் ரெண்டுக்குமே கேக்கும். கன்டெய்னருக்குள்ள அப்படி இல்ல. பத்து நொடி ஆவுதுன்னு எனக்குத் தெரியும். பெரிய ப்ரோக்ராம், நிக்க நேரமாவும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். நல்லா நிக்கிறது ஒருநாள் ரெண்டு நொடி எடுக்கும், ஒருநாள் மூணு எடுக்கும். எப்பவும் சரியா பத்துன்னா அது நிக்கல, வெட்டுப்படுதுன்னு எனக்குத் தோணிருக்கணும்."

இந்த ஷிஃப்டில் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம் என்று மாறி மாறி வரும். ப்ரோக்ராம் ஏற்றுவதும் வாரம் விட்டு வாரம். அதனால் வெட்டு எப்போதும் ரேவதி காலை ஷிஃப்ட் பார்க்கிற வாரத்திலேயே விழுந்திருக்கிறது. அடுத்த பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையே இவளுக்கு எதிரான சாட்சியாக வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பாதி நிம்மதி, பாதி பயம். "இத நீ போயி சொன்னா உனுக்கு இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவாது" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆறின சோற்றைப் பிசைந்தார், என்னைப் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் நம்பர் தவறியிருக்காது. ரேவதி போனதும் தவறும் நின்றுவிட்டது என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ரேவதி போன அதே கம்பெனி பஸ்ஸில் அவரும் போனார். அங்கே நடந்ததை அவள் சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

சூப்பர்வைசர், லைன் மேனேஜர், இவருடைய மேலதிகாரி மூன்று பேரும் இருந்திருக்கிறார்கள். ரேவதி ஐடி கார்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாளாம். இவர் உள்ளே போய், "அந்தக் கார்ட வாங்காதிங்க சார். அந்தப் பத்து நொடி என் தப்பு" என்றாராம். யாருக்கும் புரியவில்லை.

"இசக்கி, இது லைன் மேட்டரு. நீங்க ஏன் உள்ள வர்றீங்க?" என்று மேலதிகாரி இங்கிலீஷும் தமிழுமாகத் தடுத்திருக்கிறார்.

"ஸ்டார்ட் கமாண்ட எழுதுனது நான் சார். வாங்க, கண்ணால பாருங்க."

லைனைத் தொடாமல் சோதனைக்கு என்று இருக்கிற மிஷினில் ஓட்டிக் காட்டினார். ரேவதியையே கூப்பிட்டு ஐந்து விளக்கை ஸ்கேன் செய்யச் சொன்னார். ஐந்து முறை கீக், ஐந்து முறை பச்சை. பழைய கட்டளையோடு நிறுத்தினார். சூப்பர்வைசரையே எண்ணச் சொன்னார். அவர் பத்து எண்ணி முடித்தபோது வெட்டு விழுந்தது. ஏட்டைத் திறந்தால் ஐந்தில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த ஒரு சொல்லைச் சேர்த்தார். மறுபடி ஐந்து. நிறுத்தினார். சூப்பர்வைசர் "ரெண்டு" என்று சொல்வதற்குள் நின்றுவிட்டது. ஏட்டில் ஐந்தும் இருந்தன.

"இப்ப சொல்லுங்க, பஸ்ஸுக்கு ஓடுனது யாரு?" என்று கேட்டாராம்.

சூப்பர்வைசர் கார்டை ரேவதியின் கழுத்தில் திரும்ப மாட்டச் சொன்னார். இவர் அதோடு விடவில்லை. "எல்லாரு முன்னாலயும் கேட்டிங்கல்லா சார், எல்லாரு முன்னாலயும் சொல்லிருங்க" என்றார். மறுநாள் ஷிஃப்ட் தொடங்கும் முன் நிற்க வைத்துப் பேசுவார்களே, அங்கே அவள் மேல் தப்பில்லை என்று சொன்னார்கள். ரேவதி அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவளிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். புரிந்துகொண்டாள்.

ஒன்றும் ஆகாது என்றவருக்கு ஆகத்தான் செய்தது. அந்த வருஷம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அவருக்குக் கீழே இருந்த ஒருவருக்குப் போயிற்று. அவர் என்னிடம் சொல்லவில்லை. ரேவதிதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். நான் மாடிக்குப் போய், "எங்களால உனுக்கு இப்டி ஆயிப்போச்சே தம்பி" என்றேன்.

"ஒங்களால இல்ல ஆச்சி. ஒரு சொல்லால. நான்தான எழுதாம விட்டேன்? அந்தப் பிள்ள டைரி எழுதலன்னா இன்னும் எத்தன பேர அனுப்பிருப்பாங்களோ" என்றார். "எங்க டிபார்ட்மென்ட்ல எட்டுப் பேரு இருக்கோம். எங்க யாருக்கும் தோணாதத அவ கண்டுபிடிச்சா. அத நெனச்சு சந்தோசப்படுங்க." அதை நான் தெருவில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை.

அதற்கப்புறம் அவர் அந்த அறையில் இருக்கிற ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் எடுத்து, நிறுத்தச் சொன்னால் நிற்கிறதா என்று நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் விட்டாராம். "கெளம்புறத எல்லாரும் பாப்பாங்க ஆச்சி. நிக்கிறத யாரு பாக்கா?" என்பார்.

இன்னொன்றும் செய்தார். ப்ரோக்ராம் தன் வேலையை வரி வரியாக எழுதி வைக்கிற குறிப்பேடு ஒன்று கம்ப்யூட்டருக்குள் உண்டாம். நிறுத்தும் சேதி வந்ததும், கையில் இருப்பதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுக் கடைசியாக ஒரு வரி எழுதும்படி செய்தார். ரேவதி போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். இங்கிலீஷ் வரிகளுக்குக் கீழே தமிழில் இருந்தது:

"கையில் இருந்ததை எழுதிட்டேன். போயிட்டு வாரேன் ஆச்சி."

வடக்கேயிருந்து வந்த பெரிய மேனேஜர் ஒருவர் அதைப் பார்த்து, யார் அந்த ஆச்சி என்று கேட்டாராம். "எங்க ஹவுஸ் ஓனர் சார். சொல்லாமப் போனா திட்டுவாங்க" என்று இவர் சொல்ல, அவரும் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்றாராம். வியாழன் விட்டு வியாழன் இரண்டு மணிக்கு, நான் பார்த்திராத ஒரு ப்ரோக்ராம் என்னிடம் சொல்லிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் ஞாபகம் வந்து, "சரி, போயிட்டு வா" என்பேன்.

போன மாதம் அந்த வெள்ளிக்கிழமை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியடியில் வந்து நின்றார். "மோட்டார் ஓடுது ஆச்சி, தொட்டி இன்னும் நெறயல, நீங்க நிறுத்திருங்க. ரெண்டு சட்ட கொடியில ஈரமா கெடக்கு. போயிட்டு வாரேன்" என்றார். பத்து அடி போனவர் திரும்பி, காப்பி விஷயத்தைச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

அவர் இறந்த பிறகு வந்த முதல் வியாழக்கிழமை ப்ரோக்ராம் ஏற்றுகிற நாளாக இருந்தது. ரேவதி காலை ஷிஃப்ட். இரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கடைசி விளக்கைக் காட்டியிருக்கிறாள். ஸ்க்ரீன் கறுத்தது. பஸ்ஸுக்குப் போகாமல் நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போயிருக்கிறாள். அங்கே எல்லாரும் ஒரே ஸ்க்ரீன் முன்னால் நின்றிருந்தார்களாம். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து போனை என்னிடம் நீட்டினாள்.

"ஏழு பீஸு கையில இருந்துச்சு ஆயா. ஏழும் ஏறிட்சு. ஒரு நொடிகூட ஆவல."

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஏழு நம்பர். அதற்குக் கீழே அவர் எழுதி வைத்த அந்த வரி. அந்த வரியை எடுக்கப்போவதில்லை என்று அவரோடு அந்த அறையில் வேலை செய்தவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் மாடிக்குப் போனேன். அதுவரை போகக் கால் வரவில்லை. இரண்டு சட்டையும் கொடியில் மொடமொடவென்று காய்ந்திருந்தன. எடுத்து மடித்து வைத்திருக்கிறேன், அவர் மனைவி வரும்போது கொடுக்க.

இசக்கிமுத்து, அன்றைக்குத் தலையை ஆட்டினேனே தவிர, வாயைத் திறந்து பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். தொட்டி நிறைந்தது, மோட்டாரை நிறுத்திவிட்டேன். துணியை எடுத்துவிட்டேன். கேட்டை நான் பூட்டிக்கொள்கிறேன். போய் வாருங்கள்.